குருணை மேலே போகிறது

என் கண்களைப் பற்றி என் அப்பாவுக்கு மிக உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது. அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் தலைமை குமாஸ்தா. மூக்கில் பள்ளம் விழும் அளவுக்குக் கனமான கண்ணாடி போட்டவர். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களிடம், "நம்ம வீட்டுல இவளுக்கு மட்டும் கழுகுக் கண்ணு" என்று என்னைக் காட்டிச் சொல்லுவார். எனக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே கரும்பலகை தெரியாமல் போய்விட்டது. அதை வீட்டில் சொன்ன அன்று அவர் கேட்ட கேள்வி இது:

"தெரியலைன்னா முன் பெஞ்சுல போயி உக்காரு. அதுக்குப் போயி கண்ணாடியா? நாளைக்கு ஒன்னப் பாக்க வாரவன் சோடாப்புட்டின்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டான்னா?"

அதனால் நான் முன் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து எம்.எஸ்ஸி. வரை முன் பெஞ்சு. மிகவும் கவனமான மாணவி என்று எல்லா ஆசிரியர்களும் என்னைப் பாராட்டினார்கள். தெருவில் யார் எதிரே வருகிறார்கள் என்று தெரியாததால் எல்லோரையும் பார்த்துச் சிரிக்க வேண்டும், அல்லது யாரையும் பார்த்துச் சிரிக்காமல் இருக்க வேண்டும். ஒருநாள் கம்பத்தில் தொங்கிய வேட்டியைப் பார்த்துச் சிரித்துவிட்ட பிறகு இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். அதனால் தலைக்கனம் பிடித்தவள் என்ற பெயரும் கிடைத்தது. படிப்பும் தலைக்கனமும் சேர்ந்து போகும் என்று ஊர் ஏற்றுக்கொண்டது.

எண்பதுகளின் நடுவில் எனக்கு ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை கிடைத்தது. மாணவர்களுக்கு ஆய்வகத்தில் கருவிகளைக் காட்டிக் கொடுக்கிற வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருவேன். பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் போர்டு எனக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டு ஏறுவேன். ஒருநாள் கேட்கக் கூச்சமாக இருந்தது. நிறத்தை வைத்து ஏறிவிட்டேன். ஜன்னலோரம் அசந்து தூங்கி விழித்தபோது ஆலங்குளம் சிமெண்ட் ஆலை வந்திருந்தது. கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னம்மா படிச்சிருக்கீக?"

"எம்.எஸ்ஸி."

"அம்புட்டுப் படிச்சும் போர்டு வாசிக்க வரலையாக்கும்."

அன்று வீட்டில் விசாரணை நடந்தது. பஸ்காரன் போர்டை மாற்றாமல் ஓட்டியிருக்கிறான் என்று அப்பா தீர்ப்புச் சொன்னார்.

ஆனால் ஆய்வகத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வெர்னியர் அளவுகோலில் மயிரிழைக் கோட்டைக் குனிந்து படிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. கிட்டே இருப்பதெல்லாம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். இயற்பியல் ஆய்வகம் என்பதே கிட்டப்பார்வைக்காரர்களுக்காகக் கட்டிய இடமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அந்த ஆய்வகத்தின் பெருமை ஒரு லேசர். ஹீலியமும் நியானும் அடைத்த குழாய்; மெல்லிய சிவப்பு ஒளி வரும். மெட்ராஸிலிருந்து மரப்பெட்டியில் வந்தது. வந்த அன்று எங்கள் துறைத் தலைவர் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார், அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார், பிறகு இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். ஒன்றரை வருஷம் அது வெளியே வரவில்லை. "உபயோகிச்சா ஆயுசு குறையும்மா" என்பார். மாணவர்கள் லேசரைப் பற்றிப் புத்தகத்தில் படித்துப் பரீட்சையில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதினார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்கு யாராவது வந்தால் துறைத் தலைவர் பீரோவைத் திறந்து காட்டுவார். அவர்களும் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்கள்.

கல்லூரியின் வெள்ளி விழா வந்தது. கல்லூரிச் செயலாளர் பெரிய மில் முதலாளி. அறுபது வயது தாண்டியும் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிப்பவர் என்று அவரைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், அவரும் சொல்வார். விழாக் கண்காட்சி பற்றிப் பேச எல்லாத் துறைத் தலைவர்களையும் கூப்பிட்டார்.

"வருஷா வருஷம் அதே எரிமலை, அதே காத்தாடி. இந்தத் தடவை சுத்துப்பட்டுல எவனும் பாக்காத ஒண்ண வைக்கணும்" என்றாராம்.

எங்கள் துறைத் தலைவர் கூட்டத்திலிருந்து நேராக நூலகத்துக்குப் போய் ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையோடு வந்தார். அதில் லேசரை வைத்துக் கண்ணின் பவரை அளக்கும் முறை பற்றி ஒரு கட்டுரை இருந்தது.

"இத நீ பாத்துக்கம்மா. ஆனா லேசரத் தொடாத."

"தொடாம எப்படி சார் செய்யிறது?"

"அட்டெண்டர் தொடட்டும்."

எங்கள் அட்டெண்டர் நாற்பத்தைந்து வயதுக்காரர். எதற்கும் பதறாத மனிதர். இதைக் கேட்டதும், "ஒடஞ்சா நம்ம தலை, ஓடுனா அவுக தலைமை. சரிதான், வாங்க மேடம்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

கட்டுரையில் இருந்த விஷயம் எளிமையானதுதான். லேசர் ஒளியைப் பரப்பி ஒரு சொரசொரப்பான பரப்பில் விழவிட்டால் அது சாதாரண வெளிச்சம் போல் இருக்காது. அரிசிக் குருணையைச் சிவப்பாக்கிக் கொட்டிவிட்டது போல் பொடிப்பொடியாக மினுங்கும். அந்தப் பரப்பை மெதுவாக உருட்டினால், பார்க்கிற கண்ணைப் பொறுத்து குருணை நகரும். எங்கள் உருளை மேல்நோக்கிச் சுழலும்படி வைத்ததில், கிட்டப்பார்வைக்காரருக்கு மேலே போகும். தூரப்பார்வைக்காரருக்குக் கீழே வரும். குறை இல்லாத கண்ணுக்கு எங்கும் போகாமல் நின்ற இடத்திலேயே கொதிக்கும். கண்ணுக்கு முன்னால் லென்ஸை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். எந்த லென்ஸில் ஓட்டம் நிற்கிறதோ அதுதான் அந்தக் கண்ணின் பவர்.

அட்டெண்டரின் மைத்துனர் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். அவர் பல்சக்கரம் வைத்து, நிற்கிறதா சுற்றுகிறதா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெதுவாகச் சுற்றும் ஒரு மோட்டாரைத் தயார் செய்து கொடுத்தார். அதில் ஒரு பால்பவுடர் டின்னை மாட்டி, பசையில் சாக்பீஸ் தூளைக் குழைத்துப் பூசினோம். மைக்ராஸ்கோப்பிலிருந்து ஒரு லென்ஸைக் கழற்றி லேசருக்கு முன்னால் வைத்தோம். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்தோம். துறைத் தலைவர் பீரோவைத் திறந்தார். அட்டெண்டர் லேசரைக் குளிப்பாட்டின குழந்தையைத் தூக்குவது போல் தூக்கி வந்து வைத்தார்.

சுவிட்சைப் போட்டதும் பதினைந்து அடி தள்ளி நின்று பார்த்தேன். பதினைந்து அடிக்கு அப்பால் இருக்கும் எதுவும் எனக்கு அதுவரை விளிம்போடு தெரிந்ததில்லை. கண் எப்படி இருந்தாலும் இந்தக் குருணை மட்டும் கூர்மையாகத் தெரியும் என்று கட்டுரையில் படித்திருந்தேன். படித்தது வேறு, பார்த்தது வேறு. ஒவ்வொரு பொடியும் தனித்தனியாக, ஊசிமுனை போலத் தெரிந்தது. பத்து வருஷத்தில் முதல் தடவையாகத் தூரத்தில் இருக்கும் ஒன்றை நான் தெளிவாகப் பார்க்கிறேன். அது அத்தனையும் சரசரவென்று மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"கீழே வருதும்மா. அழகா கீழே வருது" என்றார் துறைத் தலைவர்.

"இல்லியே சார். அப்படியே நின்னு சோறு கணக்கா கொதிக்கி" என்றார் அட்டெண்டர்.

"நல்லாப் பாருய்யா. கீழதான் வருது. நீ என்னம்மா சொல்ற?"

மேலே என்று சொன்னால் எனக்குக் கிட்டப்பார்வை என்று அந்தக் கணமே தெரிந்துவிடும். துறைத் தலைவரும் அப்பாவும் ஒரே தெருவில் குடியிருப்பவர்கள்.

"கீழதான் சார்" என்றேன்.

"பாத்தியா? ரெண்டு பேரு சொல்றோம்" என்றார் அவர் அட்டெண்டரைப் பார்த்து. அந்த அறையில் இருந்த ஒரே நல்ல கண் அட்டெண்டருடையது. அது இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றது. அந்தக் கருவியின் முன்னால் சொல்லப்பட்ட முதல் பொய் என்னுடையது. பின்னால் மற்றவர்களைப் பற்றிச் சொல்லப்போவதால் இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பஜாரில் ஒரு கண்ணாடிக் கடைக்காரரிடம் லென்ஸ் பெட்டியும், லென்ஸ்களைச் செருகிப் பார்க்கும் டிரையல் பிரேமும் இரவல் வாங்கினோம். கடையின் பெயரை எழுதி வைக்க வேண்டும் என்பது மட்டும் அவருடைய நிபந்தனை. நான் ஒரு பெரிய அட்டையில் எழுதினேன்: மேலே போனால் கிட்டப்பார்வை, கீழே வந்தால் தூரப்பார்வை, நின்று கொதித்தால் நல்ல பார்வை.

திறப்பு விழா அன்று காலை செயலாளர் ரிப்பனை வெட்டிவிட்டு எங்கள் இருட்டறைக்குள் வந்தார். பின்னால் கல்லூரி முதல்வர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள், மில் மானேஜர் என்று பத்துப் பதினைந்து பேர். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்ததால் அட்டையை யாரும் படிக்கவில்லை. பதினைந்து அடி தள்ளித் தரையில் சாக்பீஸால் போட்டிருந்த கோட்டருகே நான் செயலாளரை நிற்கவைத்தேன்.

"ஐயா, அந்தச் சிவப்புப் பொடி எந்தப் பக்கமா போகுதுன்னு சொல்லுங்க."

அவர் பார்த்தார். "எல்லாருக்கும் எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி, ஐயா."

அது அவருக்குப் பிடித்த பதிலாக இல்லை. பக்கத்தில் நின்ற மானேஜரிடம் தெலுங்கில் ஏதோ கேட்டார். மானேஜர் புத்திசாலி. முதலாளி சொல்லட்டும் என்று கும்பிட்டு நின்றார்.

"மேலே போகுது" என்றார் செயலாளர் கடைசியில். "நல்லா, வேகமா, மேலே போகுது."

அறையில் எனக்கும் துறைத் தலைவருக்கும் அட்டெண்டருக்கும் அதன் அர்த்தம் தெரியும். பேப்பரைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறவர், கிட்டப்பார்வை இருப்பதால்தான் படிக்கிறார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் துறைத் தலைவர் முன்னால் வந்துவிட்டார்.

"மேலே போறதுதான் சார் உயர்ந்த பார்வை! தொலைநோக்கு உள்ளவங்களுக்குத்தான் அப்படித் தெரியும்!"

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பின்னால் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. திரும்பினால், அட்டெண்டர் என் அட்டையை எடுத்துப் பீரோவுக்குப் பின்னால் செருகிக்கொண்டிருந்தார்.

அடுத்து முதல்வர் வந்து நின்றார். "ஆமா, மேலே" என்றார். அவர் இன்னும் சரியாகப் பார்வையைக்கூடத் திருப்பவில்லை. நிர்வாகக் குழு உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து மேலே என்றார்கள். ஒருவர் டின்னுக்குப் பதிலாகச் சுவரைப் பார்த்து மேலே என்றார். மானேஜர் மட்டும் ஒரு படி குறைத்து, "மேலேதான். ஆனா முதலாளிக்குத் தெரியற அளவு வேகம் இல்ல" என்றார். கடைசியாக, கீழே வருகிறது என்று எங்களிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன துறைத் தலைவர் தாமும் கோட்டருகே போய் நின்று, "ஆகா, மேலே!" என்றார். நான் நோட்டில் வரிசையாக எழுதினேன். ஒரு நிர்வாகம் முழுவதற்கும் ஒரே கண். மருத்துவத்தில் இதற்கு முன் நடந்திருக்குமா என்று தெரியவில்லை.

மதியத்துக்குள் செய்தி ஊருக்குப் போய்விட்டது. லேசரில் மேலே போனால் நல்ல கண், கீழே வந்தால் கோளாறு. ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் ஜனம் வந்தது. லேசர் பட்டால் கண் சரியாகிவிடும் என்று நினைத்து வந்தவர்கள் பாதி. ஒருவர் முதுகைத் திருப்பிக்கொண்டு, வலிக்கிற இடத்தில் லேசரை அடிக்கச் சொன்னார். வருகிறவர்களெல்லாம் வாசலிலேயே "மேலே" என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்கள். ஒரு வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டே மேலே என்றார். "சார், கண்ணைத் திறங்க" என்றேன். "திறந்தா மட்டும் மாறவா போகுது?" என்றார்.

இரண்டாம் நாள் காலை அப்பா வந்தார். கூடவே வெள்ளைச் சட்டை போட்ட ஓர் இளைஞர், அவருடைய அம்மா. எனக்கு வெள்ளைச் சட்டை மட்டும்தான் தெரிந்தது. கண்காட்சி பார்க்க வந்த பாவனையில் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். அந்த அம்மா எங்களுக்குத் தூரத்து உறவு. அப்பாவுக்குத் தங்கச்சி முறை. முன்பு ஒருநாள் ரதவீதியில் என் எதிரே வந்து சிரித்தாராம், நான் கவனிக்காமல் போய்விட்டேனாம். அதிலிருந்து அவருக்கு ஒரு சந்தேகம்.

"அண்ணே, பிள்ளைக்குக் கண்ணு நல்லாத் தெரியும்லா? ஒளிக்காமச் சொல்லணும்" என்று அவர் கேட்பது என் காதில் விழுந்தது.

அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "நாஞ் சொல்லுதது எதுக்கு தங்கச்சி? இந்தா, லேசரே சொல்லட்டும். ஏட்டி, அங்கன நின்னு பாத்துச் சொல்லு!"

நான் கோட்டருகே போய் நின்றேன். எதைச் சொல்வது, யாரை ஏமாற்றுவது என்று யோசிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. குருணை ஏறிக்கொண்டிருந்தது.

"மேலே போகுது" என்றேன். அந்த இரண்டு நாளில் நான் சொன்ன முதல் உண்மை அது.

"கேட்டீகளா? அவிய செயலாளருக்கும் மேலதான்!" என்றார் அப்பா.

"சரி, நானும் பாக்கேன்" என்று அந்த அம்மா முன்னால் வந்தார். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "கீழல்லா வருது" என்றார்.

துறைத் தலைவர் ஓடி வந்தார். "நல்லாப் பாருங்கம்மா, மேலே போகும்."

"நல்லாத்தான் பாக்கேன். கீழதான் வருது."

"எல்லாருக்கும் மேலேதாம்மா போகுது. நீங்க செத்த நேரம் பாருங்க."

"எம்புட்டு நேரம் பாத்தாலும் நான் கண்டதத்தான் சொல்லுவேன். வேணும்னா நீரு வந்து பாரும். ஒமக்கு நெசமாவே மேல போகுதா?"

துறைத் தலைவர் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். வரிசையில் நின்றவர்கள் அந்த அம்மாவைப் பாவமாகப் பார்த்தார்கள். யாரோ, "வயசாகுதுல்லா" என்றார்கள். அவர் முகம் சிவந்தது இருட்டிலும் தெரிந்திருக்கும், எனக்குத்தான் தெரியவில்லை. விறுவிறுவென்று வெளியே போய் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சமாதானம் சொல்ல அப்பா பின்னால் ஓடினார்.

இளைஞர் மட்டும் நின்றார். கோட்டருகே வந்து பார்த்தார். "மேலே போகுது" என்றார்.

இரண்டு நாளில் நூறு தடவை கேட்ட வார்த்தைதான். ஆனால் அவர் சொன்ன விதத்தில் கொஞ்சம் பயம் இருந்தது. நான் குரலைத் தாழ்த்தினேன்.

"நெசமாவே போகுதா, எல்லாரும் சொல்றதால சொல்றீங்களா?"

"நெசமாவே போகுதுங்க. ரொம்ப வேகமா."

டிரையல் பிரேமை எடுத்து அவர் மூக்கில் மாட்டினேன். மைனஸ் லென்ஸ்களை ஒவ்வொன்றாகச் செருகினேன். "இப்போ?" "மேலேதான், கொஞ்சம் மெதுவா." "இப்போ?" "இன்னும் மெதுவா." "இப்போ?" "கீழே வருது!" ஒரு படி குறைத்தேன். "நின்னிருச்சு. நின்ன இடத்துல கொதிக்குது." சொல்லிவிட்டு அவர் தலையைத் திருப்பி அறையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அடி எடுத்துவைக்க மறந்தவர் போல நின்றார்.

"மேலே போனா கிட்டப்பார்வைங்க. அதை எழுதின அட்டை அந்தப் பீரோவுக்குப் பின்னால இருக்கு" என்றேன்.

"அப்போ உங்க செயலாளருக்கு?"

"அவருக்கும்தான்."

"முதல்வருக்கு?"

"அவருக்கு என்னன்னு அவருக்கே தெரியாது."

அவர் சிரித்தார். பிறகு, "நீங்களும் மேலேன்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டார். அவர் பிரேமைக் கழற்றி என்னிடம் நீட்டினார். நான் மாட்டிக்கொண்டேன். இதுவரை நான் யாருக்கும் சொல்லாத கணக்கை, முன்பின் தெரியாத ஒருவர் லென்ஸை ஒவ்வொன்றாகச் செருகிக் கண்டுபிடித்தார். அட்டெண்டர் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, தானாகச் சுற்றும் மோட்டாரைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டம் நின்றபோது நான் நிமிர்ந்தேன். அந்த இளைஞரின் கன்னத்தில் அம்மைத் தழும்பு இருந்தது. அவரும் என் முன்பல் ஒன்று மற்றொன்றின் மேல் ஏறியிருப்பதைப் பார்த்திருப்பார்.

அன்று சாயங்காலம் சம்பந்தம் முறிந்த செய்தி வந்தது. "பொண்ணு பாக்கக் கூட்டியாந்து எங்கண்ணு மட்டம்னு நாலு பேரு முன்னால சொல்லிட்டாக" என்று அந்த அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அப்பாவுக்கு விளங்கவே இல்லை. பெண்ணின் கண் நன்றாக இருந்தும் கல்யாணம் நின்றுபோவது அவர் பார்க்காத கேஸ்.

"அப்பா, மேலே போனா கிட்டப்பார்வை. எனக்குக் கண்ணு தெரியல. ஒன்பதாம் வகுப்புலேர்ந்து தெரியல" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். "எனக்கு எட்டாம் வகுப்புலயே தெரியாது. கல்யாணம் ஆகி ஒரு வருஷம் கழிச்சுத்தான் கண்ணாடி போட்டேன்" என்றார்.

"அம்மாவுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஆமா, தெரியாது! தாலிய மாலையோட சேத்து முடிஞ்சாகளே, அப்பவே தெரியும்!"

கண்காட்சியின் கடைசி நாள் அந்த இளைஞர் மட்டும் தனியாக வந்தார். தன்னுடைய பவரை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார்.

"இருட்டுல பாத்தது போதாது. கண்ணாடி வாங்கிட்டு வெளிச்சத்துல ஒரு தடவை உங்களைப் பாத்துட்டு என் முடிவைச் சொல்றேன்."

எனக்குச் சுருக்கென்றது. "நானும் கண்ணாடி போட்டுட்டு உங்களைப் பாத்துட்டுத்தான் என் முடிவைச் சொல்லுவேன்" என்றேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டார்.

அன்று இரவல் வாங்கிய லென்ஸ் பெட்டியைத் திருப்பித் தரும் சாக்கில் கண்ணாடிக் கடைக்குப் போய் ஆர்டர் கொடுத்தேன். அடுத்த வாரம் போட்டுக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றேன். ஊருக்கு மேற்கே இருக்கும் மலை, விரித்துப் போட்ட ஒரு நீலத் துணி என்றுதான் எனக்கு இருந்தது. அதில் பாறைகள் இருந்தன, வெடிப்புகள் இருந்தன, மரங்கள் தனித்தனியாக நின்றன. நடுவில் ஒரு வெள்ளைக் கோடு, அருவியாக இருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தால், மலைக்கும் எனக்கும் நடுவில் இருந்த சுவர்களும் தெரிந்தன. அத்தனையிலும் எழுத்துகள். பனியன் விளம்பரம், மூல நோய் வைத்தியம், வருங்கால முதல்வர்களின் பெயர்கள். இவ்வளவையும் படிக்காமலே நான் பத்து வருஷம் நிம்மதியாக நடந்திருக்கிறேன்.

சொல்லிவைத்திருந்தபடி அவர் தெருவின் எதிர்ப்பக்கத்தில் புதுக் கண்ணாடியோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இருவரும் அவசரப்படவில்லை. பிறகு அவர் தெருவைக் கடந்து வந்து, "சரிங்க" என்றார். நானும் "சரிங்க" என்றேன். எங்கள் காதல் கதை முழுவதும் அவ்வளவுதான்.

மீதி இருந்தது அவருடைய அம்மா. அவருக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். மேலே போவது உயர்ந்த பார்வை இல்லை, கீழே வருவது மட்டமும் இல்லை, அந்த மூன்று நாளில் கண்டதைக் கண்டபடி சொன்னவர்கள் மிகக் குறைவு, நீங்கள் அதில் ஒருவர், நான் முதல் நாளே பொய் சொன்னவள் என்று எல்லாவற்றையும் எழுதினேன். அப்பா படித்துவிட்டு, கோர்ட்டில் இப்படி ஒரு வாக்குமூலம் கொடுத்தால் உள்ளே தள்ளிவிடுவார்கள் என்றார். ஆனாலும் கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டு நாளில் பதில் வந்தது.

"அந்தப் பிள்ளைக்காவது நாயம் தெரியுது. பொறவு என்ன, நாள் பாருங்க" என்றாராம்.

துறைத் தலைவர் கண்காட்சி பற்றி நிர்வாகத்துக்கு அறிக்கை கொடுத்தார். பரிசோதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய அனைவரும் மிகச் சிறந்த பார்வை உடையவர்கள் என்று அதில் இருந்தது. வேறு எந்த ஊரிலும் இப்படி இருக்காது என்று செயலாளர் ஆண்டு விழாவில் பெருமையாகப் பேசினார். லேசருக்குப் புதுச் சந்தனம் வைத்துப் பூட்டினார்கள். பீரோவுக்குப் பின்னால் இருந்த அட்டையை அடுத்த வெள்ளையடிப்பின்போது அட்டெண்டர் எடுத்து, பின்பக்கத்தில் 'வெளியே செருப்பை விடவும்' என்று எழுதி வாசலில் மாட்டினார்.

கல்யாணத்தன்று போட்டோக்காரர் ஃபிளாஷ் வெளிச்சம் கண்ணாடியில் அடிக்கிறது என்று எங்கள் இருவரையும் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். கழற்றிவிட்டு, குரல் வந்த திசையைப் பார்த்துச் சிரித்தோம். அவர் பேசிக்கொண்டே நகர்ந்திருக்கிறார். அந்தப் படத்தில் நாங்கள் இருவரும் சமையல்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில் 'கம்ப்யூட்டர் கண் பரிசோதனை' என்று போர்டு மாட்டிய கடை வந்தது. தாடையை வைத்து உள்ளே ஒரு படத்தைப் பார்த்தால் போதும். இயந்திரம் தானாக அளந்து ஒரு சீட்டைத் துப்பும். என்ன தெரிகிறது என்று அது யாரையும் கேட்பதில்லை. நானும் கணவரும் என் மாமியாரை அங்கே கூட்டிப்போனோம். என்னையும் என் கணவரையும் அளந்து மைனஸ் போட்ட இரண்டு சீட்டுகள் வந்தன. மாமியாருக்கு ப்ளஸ் போட்டு வந்தது. அந்தக் குறி என்ன என்று கேட்டார். ப்ளஸ் என்றால் கூட்டல் அத்தை என்றேன்.

அவர் சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அன்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் அதை எடுத்துக் காட்டிச் சொன்னது எனக்குக் கேட்டது.

"இவுக ரெண்டு பேருக்கும் கழிச்சுப் போட்டிருக்கான். எனக்குத்தான் கூட்டிப் போட்டிருக்கான்."